கோலமாவுக் கோடு

திருவள்ளூர்
9-12-1973

திரு. துளசிராமன் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். நான்கு வருஷமாக உங்களைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி கோதைநாயகி உங்கள் பெயரை எடுத்தால், பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். அந்த மௌனத்தை நீங்கள் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்பது வரதன் வந்த பிறகுதான் தெரிந்தது.

நம் ஃபேக்டரி அக்கவுண்ட்ஸ் வரதன் போன வாரம் பெருமாளைச் சேவிக்க வந்தவர், அப்படியே என் வீட்டுக்கும் வந்தார். காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். பம்பாயிலிருந்து வந்திருக்கும் புது மானேஜருக்குக் கோல்ஃப் என்றால் உயிராம். ஆபீசர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தாக வேண்டுமாம். துளசிராமன் மட்டையை வீசினால் பந்து கிளம்புவதற்கு முன்னால் மண் கிளம்புகிறதாம். "அய்யங்கார்கிட்ட கேட்டு ஏதாவது பயிற்சி வாங்கிக்கினு வா" என்று சொல்லி அனுப்பினீர்களாம்.

கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம் இல்லை. நானும் கூச்சத்தை விட்டுவிடுகிறேன். நடந்ததை ஒரு முறை முழுதாக எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் குற்றப்பத்திரிகையில் எதையும் விடக்கூடாது.

1970, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, கம்பெனிக் கோப்பை. ஃபேக்டரிக்குப் பின்னால் வெள்ளைக்கார மானேஜர் போட்டுவிட்டுப் போன ஒன்பது குழி மைதானம். அந்த மண்ணில் புல் நிற்காது. ஆகவே குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணல் வட்டம்; மற்றதெல்லாம் கட்டாந்தரை. கட்டாந்தரையில் அடித்தால் மட்டை பாழாகும் என்று, பந்தை எடுத்து ஒரு துண்டுத் தேங்காய்நார் விரிப்பின்மேல், அதாவது 'மேட்' மேல், வைத்து அடிக்கலாம் என்பது நம் மைதானத்தில் மட்டும் இருந்த சட்டம். பள்ளத்தில் விழுந்தால் மேட் கிடையாது. கிடந்த இடத்தில் கிடந்தபடி அடிக்க வேண்டும்.

கடைசிக் குழி. கோப்பைக்கு எனக்குப் போட்டியாக ஆடிய ஆதிகேசவனைவிட ஓர் அடி குறைவாக அடித்து நான் முன்னணியில் இருந்தேன். என் பந்து மணல் வட்டத்துக்கு முன்னால் உள்ள வாய்க்கால் பள்ளத்தில், காய்ந்து வெடித்த சேற்றின்மேல் கிடந்தது. ஒன்பதாம் நம்பர் மட்டையை இடுப்பளவு மட்டும் தூக்கி ஒரு சின்ன அடி அடித்தேன். பந்து கரையைத் தாண்டி, குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. என் ஆயுளில் நான் அடித்த நல்ல அடிகளில் அது ஒன்று. கரைமேல் நின்ற ஆதிகேசவன், மட்டை பந்தில் இரண்டு தடவை பட்டது என்றார். அப்படிப் பட்டால் ஓர் அடி அபராதம். நான் அதை மறைக்கிறேன் என்றார். பட்டது ஒரே தடவை என்று நான் சொன்னேன்.

என் அடிகளை எண்ணி, என் ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட வேண்டிய மார்க்கர் நீங்கள். பள்ளத்துக்குள் என் பின்னால் நின்றிருந்தீர்கள். கமிட்டி உங்களைக் கேட்டது. "நான் சரியா பாக்கல" என்றீர்கள். பென்சிலை மேஜைமேல் வைத்தீர்கள். மார்க்கர் கையெழுத்து இல்லாத கார்டு செல்லாது. கோப்பை ஆதிகேசவனுக்குப் போயிற்று.

கோப்பை போனதற்காக நான் வேலையை விடவில்லை. மறுநாள் கேன்டீனில் ஆதிகேசவன், "லேப் ரிசல்ட்டும் இப்டித்தான் எழுதறாரோ இன்னாமோ" என்றார். மேஜை முழுவதும் சிரித்தது. நான் அந்த ஃபேக்டரியின் தலைமைக் கெமிஸ்ட். நான் எழுதும் ஓர் எண்ணை நம்பித்தான் உலையைத் திறப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்தார்கள். நீங்களும் அந்த மேஜையில் உட்கார்ந்து டீயைக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். அதற்குப் பிறகு அங்கே எப்படி உட்கார்வது? இப்போது இங்கே ஒரு டுட்டோரியலில், எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கு உப்பும் அமிலமும் சொல்லிக்கொடுக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு நீங்கள் பார்த்தது என்ன? எழுதுங்கள்.

பயிற்சி கேட்டீர்கள் அல்லவா, தருகிறேன். பத்து வருஷம் என்னோடு ஜோடியாக ஆடியவர் மண்ணைக் கொத்துகிறார் என்று கேட்க எனக்கு அவமானமாக இருக்கிறது. வேறு காரணம் இல்லை. வீட்டிலிருந்து கொஞ்சம் கோலமாவு எடுத்துப்போய், கால் இரண்டுக்கும் நடுவிலிருந்து நேர் எதிரே ஒரு கோடு போடுங்கள். பந்து வேண்டாம், மேட் வேண்டாம். மட்டையை வீசி, தரையில் விழும் தடத்தைப் பாருங்கள். தடம் கோட்டில் ஆரம்பித்து, பந்து போக வேண்டிய பக்கமாகப் போக வேண்டும். உங்களுக்குக் கோட்டுக்குப் பின்னால், இந்தப் பக்கமே விழும். விழட்டும். அது மாறும்வரை பந்தைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆ. சடகோபன்

*

கும்மிடிப்பூண்டி
16-12-1973

அன்புள்ள அய்யங்காருக்குத் துளசிராமன் எழுதிக்கொண்டது.

நலம். உங்கள் வீட்டில் எல்லாரும் நலமா?

கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். திட்டியிருப்பீர்கள் என்று தெரியும். திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். "நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் தாங்கவில்லை. பத்து வருஷம் என்னை "வாடா துளசி" என்று கூப்பிட்ட வாய்.

கோடு போட்டேன். நீங்கள் சொன்னபடியே கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் விழுகிறது, அதுவும் ஒரு சாண் பின்னால். மைதானத்தில் ஒரு மூலை முழுக்க நான் கொத்திவைத்திருக்கிறேன். ஆதிகேசவன் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டு, "இன்னா துளசி, கேவுறு வெதைக்கப் போறியா? பொன்னேரில நெலம் இருக்குதுன்னு சொன்னியே, பத்தலயா?" என்றார். எங்கள் குடும்பம் உழுகிற குடும்பம் என்பதால் இந்த மாதிரிப் பேச்சு எனக்கு நிறைய வருகிறது. புது மானேஜரும் விஷயம் தெரிந்துகொண்டு, என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

வீட்டில் இன்னொரு பேஜாரு. பூவம்மாள் கோலமாவு டப்பாவைத் தேடி, என் பையில் கண்டுபிடித்தாள். "ஊட்டு வாசல்ல போடறத மைதானத்துல போட்டுக்கினு, அதையும் கம்பால அடிச்சிக்கினு... இது இன்னா வேண்டுதல்?" என்று கேட்டாள். அய்யங்கார் சொல்லி அனுப்பினார் என்றேன். உடனே முகம் மாறிவிட்டது. "அவர் எழுதினாரா?" என்று கேட்டு, டப்பாவை நிரப்பிக் கொடுத்தாள்.

நீங்கள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. அதற்கு இப்போது என்னால் பதில் எழுத முடியாது. பயந்து எழுதாமல் இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். எழுதினால் உங்களுக்குத்தான் கஷ்டம். கொஞ்ச நாள் விடுங்கள்.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

உங்கள்
துளசி

*

திருவள்ளூர்
28-12-1973

துளசிராமனுக்கு,

எழுதினால் எனக்குக் கஷ்டம் என்கிறீர்கள். இருக்கிற கஷ்டத்துக்கு மேல் நீங்கள் என்ன புதிதாகக் கொண்டுவந்துவிடப் போகிறீர்கள்? ஆவடியில் ஒரு கம்பெனியில் கெமிஸ்ட் வேலைக்கு நேர்காணல் நடந்தது. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அங்கிருந்த பெரியவர் ஒருவர், "கும்மிடிப்பூண்டியை ஏன் விட்டீர்கள்? ஏதோ கணக்கு விவகாரம் என்று சொன்னார்களே" என்றார். கோல்ஃப் அடி ஒன்று ஊர் ஊராகப் போய்க் கணக்கு விவகாரம் ஆகியிருக்கிறது. நான் ஃபைலை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதைவிடக் கஷ்டமாக உங்களிடம் ஏதாவது இருந்தால் தாராளமாக எழுதலாம்.

ஆதிகேசவனிடம் நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருஷமே அவர் தயவில் உங்களுக்கு ஸ்டோர்ஸ் மானேஜர் உத்தியோகம் வந்தது. அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

தடம் ஒரு சாண் பின்னால் விழுகிறது என்றால், நீங்கள் பந்தைத் தூக்கிவிடப் பார்க்கிறீர்கள். வலது காலில் உடம்பை வைத்துக்கொண்டு, அடியில் மட்டையை நுழைத்துக் கிளப்பப் பார்க்கிறீர்கள். பந்தைத் தூக்குவது உங்கள் வேலை இல்லை. மட்டையின் முகத்தைச் சாய்த்துச் செய்திருக்கிறார்களே, அதன் வேலை அது. நீங்கள் இடது காலுக்கு வந்துவிடுங்கள். மட்டை இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தில் பட வேண்டும். தரை அதற்குப் பிறகு.

ஒரு கோணியை நாலாக மடித்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால் போடுங்கள். மட்டை கோணியைத் தொடாமல் பந்தைத் தொட வேண்டும். பந்துக்குக் கீழே மேட் வைக்காதீர்கள். அந்த மேட்தான் நம் எல்லாரையும் கெடுத்தது. எவ்வளவு மோசமாக அடித்தாலும் அது விட்டுக்கொடுக்கும். எனக்கு மட்டும் ஏன் கெடவில்லை என்றால், மேட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு விடியற்காலையில் தனியாக வந்து அடிப்பேன். உங்களைக் கூப்பிட்டால் வர மாட்டீர்கள்.

இன்னொன்று. ஒரு துண்டை மார்புக்குக் குறுக்கே போட்டு, இரண்டு முனையையும் அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். துண்டு விழாமல் பாதி வீச்சு மட்டும் வீசுங்கள். கை தனியாக ஓடினால் துண்டு விழும். உடம்பும் கையும் சேர்ந்து திரும்பினால் விழாது. நான் இங்கே அங்கவஸ்திரத்தை வைத்து இதைச் செய்கிறேன். ஆம், இன்னும் செய்கிறேன். எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஒன்பதாம் நம்பர் மட்டையை மட்டும் வைத்திருக்கிறேன். காக்களூர் ஏரிக்குப் போகும் வழியில் ஒரு தரிசு இருக்கிறது. என் அண்ணா ராமஸ்வாமி கோயில் கைங்கர்யத்துக்குப் போகிற வழியில் அங்கே என்னைப் பார்த்துவிட்டார். "பெருமாளுக்குக் குடை பிடிக்க ஆள் இல்லே. நீ அங்கவஸ்திரத்தைக் கக்கத்துல இடுக்கிண்டு தடியைச் சுத்திண்டிருக்கே" என்றார். யாரோடும் போட்டி இல்லாமல், யாரும் எண்ணாமல், ஒருவன் ஏன் அடிக்கிறான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

பதில் இல்லாமல் இன்னொரு கடிதம் எழுதாதீர்கள்.

ஆ. சடகோபன்

*

கும்மிடிப்பூண்டி
18-1-1974

அன்புள்ள அய்யங்காருக்கு,

பதில் இல்லாமல் எழுதாதே என்றீர்கள். எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. பொங்கல் வேறு வந்துவிட்டது. போன வருஷம்வரை பொங்கலன்றைக்கு உங்கள் வீட்டு அக்காரவடிசலைப் பற்றிப் பூவம்மாள் பேசாமல் இருந்ததில்லை. இந்த வருஷம் பேசவில்லை. நான் என் மூஞ்சியை அப்படி வைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

ஸ்டோர்ஸ் மானேஜர் உத்தியோகத்தை ஆதிகேசவன் எனக்கு வாங்கித் தரவில்லை. அது சீனியாரிட்டியில் வந்தது. வரதனைக் கேட்டுப் பாருங்கள். என்னை எவனும் விலைக்கு வாங்கவில்லை. இதை மட்டும் இப்போது எழுதிவிடுகிறேன், மற்றது அப்புறம்.

துண்டு முதல் வாரம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது; பூவம்மாள் எண்ணெய் தேய்த்துவிட்டாள். "அம்பது வயசுல அக்குள்ள துண்டு வெச்சிக்கினு ஆடற ஆம்பளைய நான் பார்த்ததே இல்லமா" என்று பக்கத்து வீட்டு ஞானம்மாவிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கட்டும். இப்போது துண்டு நிற்கிறது. கோணியில் படுவதும் குறைந்திருக்கிறது. தடம் கோட்டுக்கு வந்துவிட்டது. கோட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறது. பந்து முன்னைவிடத் தாழ்வாக, ஆனால் நேராகப் போகிறது. போன ஞாயிறு மானேஜர் நின்று பார்த்துவிட்டு, யாரிடம் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டார். இங்கே முன்பு கெமிஸ்டாக இருந்தவரிடம் என்றேன். அவர் ஏன் போனார் என்று கேட்டார். ஆதிகேசவன் பக்கத்தில் இருந்தார். நான் பதில் சொல்லவில்லை.

சொல்லாமல் வந்தது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகு உறைத்தது.

உங்கள்
துளசி

*

திருவள்ளூர்
27-1-1974

துளசிராமனுக்கு,

தை அமாவாசைக்கு வந்த கூட்டம் நேற்றுத்தான் ஊரைவிட்டுப் போயிற்று. தபாலும் தாமதம்.

அவர் ஏன் போனார் என்று மானேஜர் கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்பும் இதுவே நடந்தது. கேள்வி கேட்பவர்தான் மாறியிருக்கிறார்.

இதுவே என் கடைசிக் கடிதம். ஆரம்பித்த பயிற்சியைப் பாதியில் விடக்கூடாது என்பதற்காக மீதியை எழுதுகிறேன். தடம் கோட்டைத் தாண்டாததற்குக் காரணம், நீங்கள் பலமாக அடிக்க ஆசைப்படுகிறீர்கள். பலத்தைக் குறையுங்கள். கடைசிக் குழிக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் இறங்குங்கள். எந்தப் பள்ளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த சேற்றின்மேல் பந்தை வையுங்கள். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்பதாம் நம்பர் மட்டையை இடுப்பளவு மட்டும் தூக்கி, கரையைத் தாண்டினால் போதும் என்று அடியுங்கள். பாதம் சேர்ந்திருந்தால் தடுமாறாமல் பலமாக வீச முடியாது. அந்தச் சேறு இரும்பு மாதிரி. பின்னால் பட்டால் மட்டை எகிறிக் கையைச் சுளுக்கும். பந்து முதலில், தரை பிறகு. அதற்கு வேறு வழியை அந்தத் தரை வைக்கவில்லை.

இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆ. சடகோபன்

*

கும்மிடிப்பூண்டி
11-2-1974

அன்புள்ள அய்யங்காருக்கு,

கடைசிக் கடிதம் என்றீர்கள். கேட்ட கேள்விக்குப் பதில் வந்தால் படிப்பீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் சரியாகப் பார்க்கவில்லை என்றது நிஜம். உங்கள் முதுகு என் பக்கம் இருந்தது. பந்தும் மட்டையும் உங்கள் உடம்புக்கு மறைவில். ஆனால் என் காது திறந்திருந்தது. சின்ன அடி, கிட்டத்தில் நிற்கிறேன். இரண்டு சத்தம் கேட்டது. முதலில் 'டிக்' என்று ஒன்று. அது அடங்குவதற்குள் இன்னொன்று.

ஆதிகேசவன் மேலே நின்று இரண்டு தடவை பட்டது என்று கத்தியபோது நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரே தடவை என்றீர்கள். கார்டில் கையெழுத்துப் போட்டால் நான் பொய்க்குச் சாட்சி. கேட்டதைச் சொன்னால், சடகோபன் கணக்கை மறைத்தார் என்று என் வாயாலேயே ஆகிவிடும். பார்க்கவில்லை என்பது ஒன்றுதான் பொய்யும் இல்லாமல், உங்களைக் காட்டிக்கொடுக்காமலும் என்னிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட்டுப் பென்சிலை வைத்தேன். இதை உங்களுக்கு எப்படி எழுதுவேன்? எழுதினால் உங்களைத் திருடன் என்று சொன்னதாகும். அதனால்தான் உங்களுக்குக் கஷ்டம் என்றேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

இந்த மாதம் முதல் ஞாயிறு, நீங்கள் எழுதியபடி பள்ளத்தில் இறங்கினேன், கோலமாவுக் கோடும் போட்டுக்கொண்டேன். பாதத்தைச் சேர்த்து வைத்தேன். முதலில் அடித்ததெல்லாம் பின்னால் பட்டு, கை மரத்துப்போனது. 'தொப்' என்று ஒரே சத்தம். எனக்கு ஆயுள் முழுக்கப் பழக்கமான சத்தம் அது. அப்புறம் ஒரு பந்து. இடது காலில் நின்றேன், பலம் போடவில்லை, தானாகப் பட்டது. 'டிக்' என்றது, உடனே 'தப்' என்றது. பந்து கரையைத் தாண்டிப் போய்விட்டது.

முதலில், நானும் இரண்டு தடவை அடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், கோலமாவுக் கோட்டுக்கு அந்தப் பக்கம், பந்து இருந்த இடத்துக்கு நாலு விரல் முன்னால், காய்ந்த சேற்றில் புதிதாக ஒரு கீறல். பந்தில் பட்டது முதல் சத்தம். தரையில் பட்டது இரண்டாவது. மறுபடி அடித்தேன். மறுபடி இரண்டு சத்தம். தப்பாக அடித்தால் ஒன்று. சரியாக அடித்தால் இரண்டு. அய்யங்காரே, அம்பது வயதில் எனக்கு இது தெரிகிறது. பத்து வருஷம் உங்களோடு ஆடியும் நான் இதைக் கேட்டதில்லை. எல்லாரும் மேட்மேல் வைத்து அடித்தோம், மேட் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. பள்ளத்தில் நானாக ஒரு தடவைகூடச் சரியாக அடித்ததில்லை.

மட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் பள்ளத்தில் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் பூவம்மாளே தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

நேற்று கமிட்டி கூடியது. எல்லாரையும் பள்ளத்துக்கு வரச் சொன்னேன். மானேஜரை மட்டும் எனக்கு எதிரே நிற்கவைத்து, மற்றவர்களை முதுகைத் திருப்பி நிற்கச் சொன்னேன். "இன்னா துளசி, கண்ணாமூச்சியா?" என்றார் ஆதிகேசவன். "திரும்பி நில்லு நைனா, சொல்றேன்" என்றேன். எனக்காக ஒரு தடவையும் வேண்டிக்கொள்ளாத பெருமாளை உங்களுக்காக வேண்டிக்கொண்டு அடித்தேன்.

ஆதிகேசவன் திரும்பாமலேயே சொன்னார்: "ரெண்டு தபா பட்டுச்சி. ஒரு அடி சேத்துக்க."

மானேஜர் இல்லை என்றார். கண்ணெதிரே பார்த்ததாகவும், பந்தில் பட்டது ஒரே தடவைதான் என்றும் இங்கிலீஷில் சொன்னார். இன்னொரு முறை அடிக்கச் சொன்னார்கள். இப்போது எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடித்தேன். பந்து இருந்த இடத்துக்கு முன்னால் விழுந்த கீறலைக் குனிந்து பார்த்தார்கள்.

நான் ஆதிகேசவனைக் கேட்டேன்: "அன்னிக்கி நீ பாத்தியா, கேட்டியா?"

"பாத்தா இன்னா, கேட்டா இன்னா, ரெண்டும் ஒண்ணுதானேயா" என்றார். சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். அப்புறம் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் ஏன் போனார் என்று மானேஜர் அன்றைக்குக் கேட்டாரே, அதற்கும் அங்கேயே, எல்லார் முன்னாலும் பதில் சொல்லிவிட்டேன். கேன்டீனில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னேன்.

ஆபீஸ் ஃபைலில் உங்கள் பழைய கார்டு இருந்தது. மார்க்கர் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆட்டக்காரர் இடம் காலியாக இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் அதற்குக் காத்திராமல் போய்விட்டீர்கள். அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், ஆண்டு விழாவில் அறிவித்து, கோப்பை வென்றவர்கள் பலகையில் பெயரை மாற்றிவிடுவதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஆவடிக் கம்பெனிக்குத் தானே எழுதுவதாக மானேஜர் சொல்கிறார்.

கார்டை இதோடு வைத்திருக்கிறேன்.

துளசி

*

திருவள்ளூர்
20-2-1974

துளசி,

கார்டு வந்தது. நீ கையெழுத்துப் போட்ட இடத்தில் பேனா இரண்டு தடவை ஓடியிருக்கிறது.

இத்தனை நாள் நீ ஆதிகேசவனுக்குப் பயந்தாய், உத்தியோகத்துக்காக என்னை விற்றாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பழகிவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போதே அதை நினைத்துவிடுவேன். இப்போது நீ வந்து அது இல்லை என்கிறாய். சடகோபன் இரண்டு தடவை அடித்தான், அதை மறைத்தான் என்று நம்பினேன், நம்பியும் காட்டிக்கொடுக்கவில்லை என்கிறாய். பயந்தவனை மன்னித்துவிடலாம். நீ பயப்படவில்லை, என்னைப் பொய்யன் என்று நிச்சயமாக நம்பியிருக்கிறாய். நம்பிக்கொண்டே என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். நான் காப்பாற்றப்பட வேண்டிய நிலையில் இல்லை, துளசி. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டில் எது மோசம் என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை.

அந்தச் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்த 'டிக்' பிறகு 'தப்', அதற்காகத்தான் நான் விடியற்காலையில் எழுந்து தரிசுக்குப் போகிறேன். பந்து எங்கே போகிறது என்றுகூடப் பார்ப்பதில்லை. அந்த இரண்டும் சரியாக, ஒன்றின் பின் ஒன்றாக விழுந்துவிட்டால் அன்றைய பொழுது எனக்கு நல்ல பொழுது. உலகத்தில் எல்லாருக்கும் அது தெரியும் என்று நினைத்திருந்தேன். என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது உன் காதில் திருட்டாக விழுந்திருக்கிறது.

உன் கடிதத்தைக் கோதைநாயகி படித்தாள். நான் கொடுக்கவில்லை, அவளே எடுத்துப் படித்தாள். படித்துவிட்டுக் கேட்டாள்: "அவர் உங்களுக்காக நாலு வருஷம் பேசாம இருந்திருக்கார். நீங்க யாருக்காகப் பேசாம இருந்தேள்?" அவளிடம் காபி கேட்டேன். காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிலுக்காக நின்றாள். நான் காபியைக் குடித்தேன்.

கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு வருகிறது. அதில் உள்ள எண்கள் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. பலகையில் என்ன எழுதுகிறார்கள் என்பது அவர்கள் பாடு. ஆவடிக்கு எழுதுவது மானேஜர் இஷ்டம். எழுதினால் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கேன்டீனில் நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னாய் என்றாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோப்பைக்குமேல் எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

இந்தத் தரிசு உங்கள் பள்ளத்தைவிடக் கெட்டி. ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் புறப்பட்டு, பேசின் பிரிட்ஜில் மாறி வா. மட்டை கொண்டுவர வேண்டாம், என்னுடையதே போதும். கோலமாவு இங்கே இருக்கிறது. நீ கோடு போட்டுக்கொண்டு அடி. நான் அந்த ஆதிகேசவன் மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அது என் காதால் கேட்க வேண்டும். கேட்ட பிறகு உன்னிடம் என்ன சொல்வேன் என்று இப்போது எனக்குத் தெரியாது. திட்டினாலும் திட்டுவேன். பூவம்மாளையும் அழைத்து வா; கோதைநாயகி அக்காரவடிசலுக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டாள், என்னைக் கேட்காமலே.

கீழே கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். இதில் எழுதியிருப்பதில் எது கோபம், எது அதைத் தாண்டியது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. தெரியாத ஒன்றின் அடியில் கையெழுத்துப் போடக்கூடாது என்று நீ ஒரு முறை நடந்துகாட்டியிருக்கிறாய். நாலு மணிக்குத் தபால்பெட்டியைத் திறப்பார்கள். இதை இப்படியே, கையெழுத்து இல்லாமலே போடப்போகிறேன்.